பனிக்கரடிக்குக் குளிராது

பழகிவிடும் என்று உலகத்தில் முதன்முதலாகச் சொன்ன மனிதர் யாரென்று எனக்குத் தெரியாது. லண்டன் மனோர் பார்க்கில் அதை ஒரு நாளைக்கு நாலு தரம் சொல்லிக்கொண்டிருந்தவரை நன்றாகத் தெரியும். அவர் தில்லையம்பலம், நாங்கள் அறை எடுத்திருந்த வீட்டின் சொந்தக்காரர். அறையில் குளிர் என்றால் பழகிவிடும். சுவரில் பூஞ்சணம் என்றால் பழகிவிடும். பிள்ளை விடிய விடிய இருமுகிறாள் என்றால், "புது நாடு தானே தங்கச்சி, பழகீடும்." சொல்லும்போது அவர் முகத்தில் ஒரு கெட்ட எண்ணமும் இருக்காது. அதைப் பார்க்கத்தான் எனக்கு இன்னும் பற்றிக்கொண்டு வரும்.

நானும் என் மகள் கிரிஜாவும் 1986 ஐப்பசியில் லண்டனுக்கு வந்தோம். என் கணவர் பரமேஸ்வரன் ஒரு வருடம் முந்தியே வந்து ஒரு பெற்றோல் நிலையத்தில் வேலைக்குச் சேர்ந்திருந்தார். அந்த வேலையை எடுத்துக் கொடுத்தவர் தில்லையம்பலம். அகதி விண்ணப்பத்துக்கு வழக்கறிஞரைப் பிடித்துக் கொடுத்தவரும் அவர்தான். அறுபதுகளிலேயே படிக்க வந்து கணக்காளராகி, இல்ஃபோர்டில் வாசற்படிவரை கம்பளம் விரித்த வீட்டில் இருந்தார். கோயிலில் முன்வரிசை, சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளிக்குத் தலைவர். மனோர் பார்க் வீட்டை அறை அறையாகப் பிரித்து எங்களைப் போல வந்தவர்களுக்கு விட்டிருந்தார். மாடியில் பின்னறை எங்களுக்கு. கீழே முன்னறையில் சூசைதாசன், பாண் சுடுகிற ரொட்டித் தொழிற்சாலையில் வேலை செய்கிறவர், அதிகம் பேசாத மனிதர்.

அந்த வீட்டில் ஹீற்றிங் இல்லாமல் இல்லை. ஒவ்வொரு அறையிலும் வெள்ளை நிற றேடியேற்றர் இருந்தது. அதை இயக்கும் பொத்தான்கள் மாடிப்படிக்குக் கீழே உள்ள அலுமாரிக்குள் இருந்தன. அலுமாரிக்கு ஓர் ஆமைப்பூட்டு. பூட்டின் திறப்பு இல்ஃபோர்டில் அவரிடம். காலையில் ஒரு மணித்தியாலம், பின்னேரம் ஒரு மணித்தியாலம் என்று அவர் நேரம் குறித்து வைத்திருந்தார். றேடியேற்றர் கைக்குச் சுடத் தொடங்கும்போது அதன் நேரம் முடிந்துவிடும். உடுப்புகளை அறைக்குள்ளேயே கயிறு கட்டிக் காயப் போட்டோம். அந்த ஈரமெல்லாம் சுவரில் ஏறிப் பச்சையும் கறுப்புமாகப் படர்ந்தது. கார்த்திகை நடுவில் கிரிஜாவுக்கு மூச்சு வாங்கி முட்டு இழுக்கத் தொடங்கியது. எட்டு வயதுப் பிள்ளை. ஊரில் ஒரு சளி தடிமன்கூட அவளுக்கு ஒழுங்காக வந்ததில்லை.

அறை சூடாகவும் ஈரமில்லாமலும் இருக்க வேண்டும் என்று வைத்தியர் கடிதம் எழுதித் தந்தார். கொண்டுபோய்த் தில்லையம்பலத்திடம் கொடுத்தேன். படித்துவிட்டு மடித்துக் கோட்டுப் பைக்குள் வைத்துக்கொண்டார்.

"வெள்ளைக்காரன் அப்பிடித்தான் எழுதுவான் தங்கச்சி. நான் வந்த நேரம் அறைக்குள்ளை வாளித் தண்ணி உறைஞ்சு கிடக்கும். நான் பழகேல்லையே?"

வைத்தியரின் கடிதம் அதன்பிறகு அந்தப் பையை விட்டு வெளியே வரவில்லை.

மார்கழி தொடக்கத்தில் தமிழ்ப் பள்ளியில் பொங்கல் விழாப் பேச்சுப் போட்டிக்குத் தலைப்புகள் கொடுத்தார்கள். எங்கள் பேச்சுப் போட்டி எப்படி நடக்கும் என்பது எல்லோருக்கும் தெரியும். பெற்றோர் எழுதுவார்கள், பிள்ளை பாடமாக்கும், செயற்குழு முன்கூட்டியே வாங்கித் திருத்தும், மேடையில் ஏறிப் பிள்ளை ஓர் எழுத்துப் பிசகாமல் ஒப்பிக்கும். பத்து வயதுக்குக் கீழ்ப்பட்டோருக்கு வந்த தலைப்பு, பனிப்பிரதேசத்தில் உயிர்கள் வாழும் விதம். யாரோ புதுமையாக இருக்கட்டும் என்று நினைத்திருக்கிறார்கள்.

எனக்கு அது அல்வா. யாழ்ப்பாணத்தில் பதினொரு வருடம் உயர்தர வகுப்புக்கு விலங்கியலும் தாவரவியலும் படிப்பித்தவள் நான். இங்கே வந்ததிலிருந்து என்னிடம் ஒருவரும் ஒரு கேள்வி கேட்கவில்லை. நூலகத்தில் போய் இருந்தேன். அங்கே சூடும் இருந்தது, புத்தகமும் இருந்தது. பகல் முழுவதும் வாசித்துவிட்டு, இரவில் மூன்று போர்வைக்குள் கிரிஜாவை அணைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகச் சொல்லுவேன்.

பனிக்கரடிக்குக் குளிராது. பேச்சின் முதல் வசனமே அதுதான். தோலுக்குக் கீழே நாலு விரல் தடிப்பில் கொழுப்பு, தோலுக்கு மேலே இரண்டு அடுக்கு மயிர். துருவ நரிக்குக் காது சின்னது, ஏனென்றால் பெரிய காதால் சூடு ஓடிவிடும். படுக்கும்போது வாலை எடுத்து மூக்கின்மேல் போட்டுக்கொள்ளும். லெமிங் என்ற எலி பனிக்குமேல் திரிவதில்லை. பனிக்கும் நிலத்துக்கும் நடுவில் வளை தோண்டி அங்கே புல்லை மெத்தையாக்கிக் குட்டி போடும். மேலே காற்று உயிரை எடுக்கும்போது கீழே அதன் வீட்டில் தண்ணீர் உறைகிற அளவுக்குத்தான் குளிர் இருக்கும். அங்கே வில்லோ மரம்கூட நிமிராது, கணுக்கால் உயரத்தில் நிலத்தோடு படரும். சில செடிகள் நெருக்கி நெருக்கி முளைத்துக் குஷன் போலத் திரண்டிருக்கும். வெயில் பட்டால் அந்தத் திரளுக்குள் வெளியில் இருப்பதைவிடப் பத்துப் பாகை கூடச் சூடு.

"அப்ப அதுகளுக்கு எங்களை விடச் சுகமோ அம்மா?" என்று கிரிஜா கேட்டாள்.

ஓம் என்றேன். வேறென்ன சொல்ல.

அவளுக்கு மிகவும் பிடித்தது ஒரு மயிர்க்கொட்டி, கம்பளிப் புழு. துருவத்து மயிர்க்கொட்டி மாரியில் கல்லுப்போல உறைந்து கிடக்கும், வெயில் வந்ததும் எழுந்து ஊர்ந்து போகும். அதுவும் சும்மா உறைவதில்லை. குளிர் வருமுன்பே இரத்தத்தில் கிளிசரோலைச் சேர்த்து வைத்துக்கொள்ளும், இல்லாவிட்டால் உடம்புக்குள் ஐஸ் குத்திக் கிழித்துவிடும். பேச்சை நான் இப்படி முடித்தேன்: "ஆகவே அவையோரே, குளிரைத் தாங்குகிற பிராணி என்று ஒன்று இல்லை. குளிரை உள்ளே விடாத பிராணிகள்தான் உண்டு."

எழுதி முடித்தபோது நான் மறுபடியும் ரீச்சர் ஆகிவிட்டேன். அந்த நிமிர்வு ஒரு கிழமை, ஏழு நாள்தான் இருந்தது.

புதுவருடத்து முதல் ஞாயிறு தில்லையம்பலம் பேச்சைத் திருப்பிக் கொண்டுவந்தார். கடைசி இரண்டு வசனத்தையும் சிவப்பு மையால் வெட்டி, கீழே தன் கைப்பட எழுதியிருந்தார்: "இவ்வுயிர்களைப் போல நாமும் குளிரைத் தாங்கிப் பழகி, நமக்கு நிழல் தந்த பெரியோரை மறவாது வாழ்வோமாக." நிழல் தந்தாராம். லண்டன் மாரியில் நிழல் யாருக்கு வேண்டும்.

"பேச்சு நல்லாயிருக்கு தங்கச்சி. பேச்செண்டால் கடைசியிலை ஒரு படிப்பினை வரவேணும். அதைத்தான் சேர்த்தனான்."

"அண்ணை, அதுகள் ஒண்டும் தாங்கிப் பழகிறேல்லை. சூட்டை வெளியிலை விடாமல் வைச்சிருக்குதுகள். அதுதானே முழுப்பேச்சும்."

"ஏன், அந்த மயிர்க்கொட்டி? நீங்கள்தானே எழுதியிருக்கிறியள். உறைஞ்சு கிடந்திட்டு எழும்பிப் போகுதெண்டு."

"உறைஞ்சு கிடக்கிற மாதமெல்லாம் அது வளராது அண்ணை. ஒரு புழு பூச்சியாகிறதுக்கு வருசக்கணக்கு எடுக்கும். என்ரை பிள்ளை வளரவேணும்."

அவர் பரமேஸ்வரனைப் பார்த்துச் சிரித்தார். "ரீச்சரோடை கதைச்சு வெல்ல ஏலாது பாரும்." என் கணவரும் சிரித்தார். அந்தச் சிரிப்புக்காக அன்றைக்கு நான் அவரோடு பேசவில்லை. படுக்கும்போது அவராகத்தான் என்னைப் பேர் சொல்லிக் கூப்பிட்டுத் தொடங்கினார்.

"தவம், ஒரு வசனம் தானே. பிள்ளை சொல்லீட்டு இறங்கட்டும். விண்ணப்பம் இன்னும் முடியேல்லை. நாளைக்கு ஒரு கடிதம் வேணுமெண்டால் ஆரிட்டைப் போறது?"

"பொய்யை எப்பிடிப் படிப்பிக்கிறது?"

"எனக்கு மட்டும் விருப்பமே?" என்றார். பிறகு சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தார். அந்தச் சுவரில் பூஞ்சணம் அவர் தலையளவுக்கு வந்திருந்தது.

படிப்பித்தேன். ஒருவரும் என் கையைப் பிடித்து முறுக்கவில்லை, நானேதான் படிப்பித்தேன். "குளிரைத் தாங்கிப் பழகி" என்ற இடத்தில் கையை எப்படி விரிக்க வேண்டும், எங்கே மூச்செடுக்க வேண்டும் என்பதுவரை சொல்லிக் கொடுத்தேன். ஏன் முடிவை மாற்றினோம் என்று கிரிஜா கேட்டாள். தலைவர் மாமா சொன்னவர் என்றேன். அவள் அதற்குமேல் கேட்கவில்லை. கேட்டிருந்தால் எனக்கு நல்லதாக இருந்திருக்கும்.

ஜனவரி பன்னிரண்டு, திங்கட்கிழமை. அந்தக் கிழமை லண்டனில் இருந்தவர்கள் ஒருவரும் அதை மறந்திருக்க மாட்டார்கள். பகலிலேயே தண்ணீர் உறைந்தது, ரயில் நின்றது, பள்ளிக்கூடங்கள் பூட்டின. ஜன்னலின் உட்பக்கத்தில் ஐஸ் பூப்பூவாகப் படிந்திருந்தது. கிரிஜாவுக்கு என் கோட்டையும் பரமேஸ்வரனின் கோட்டையும் போட்டு உட்கார்த்தி வைத்திருந்தேன். மத்தியானம் வாசற்கதவு திறந்தது. தில்லையம்பலம், முழங்கால்வரை பனியோடு. இல்ஃபோர்டிலிருந்து நடந்தே வந்திருக்கிறார். என் மனம் இளகிவிட்டது. இந்த மனிதரைப் போய் இவ்வளவு திட்டினேனே என்று எனக்கே வெட்கமாக இருந்தது.

நேரே போய் அலுமாரியைத் திறந்தார். பொத்தான்களை முழுவதுமாகத் திருகினார். சூசைதாசனையும் எங்களையும் கூப்பிட்டார்.

"இரவு பகலா ஓடட்டும். ஒருத்தரும் நிப்பாட்ட வேண்டாம். பைப் உறைஞ்சு வெடிச்சுதெண்டால் வீடு நாசம்."

கிரிஜா கோட்டுக்குள்ளிருந்து அவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் அவளைப் பார்க்கவில்லை. றேடியேற்றர் ஒவ்வொன்றையும் தொட்டுப் பார்த்துவிட்டுத் திரும்பி நடந்தார்.

பைப்புக்காக என்றாலும் சூடு சூடுதானே. நாலு இரவு என் மகள் இழுப்பில்லாமல் தூங்கினாள். வாயைத் திறந்து, கையைக் காலை எறிந்துகொண்டு, ஊரில் தூங்கின மாதிரி. சுவர் காய்ந்து பூஞ்சணம் பொடியாக உதிர்ந்தது. மூன்றாம் நாள் சட்டை மட்டும் போட்டுக்கொண்டு அறைக்குள் நின்று பேச்சு முழுவதையும் ஒரே மூச்சில் ஒப்பித்தாள். அந்தக் குரல் அவளிடம் இருந்ததை நான் மறந்தே போயிருந்தேன்.

வெள்ளிக்கிழமை பின்னேரம் அவர் மறுபடி வந்தார். பொத்தானைப் பழைய இடத்துக்குத் திருகி, ஆமைப்பூட்டைப் போட்டு, இழுத்துப் பார்த்தார். நான் படியில் நின்றேன்.

"அண்ணை, பிள்ளை நாலு நாளா முட்டு இல்லாமல் நித்திரை கொண்டவள்."

"அது நல்லது தானே தங்கச்சி."

"இந்தச் சூடு இருந்தபடியால்தான்."

"ஓம் ஓம். குளிர் இனிக் குறையுமெண்டு ரேடியோவிலை சொன்னவங்கள். பைப்புக்குப் பயமில்லை."

நான் சொன்னது அவர் காதில் விழுந்தது. விழுந்தும் ஒன்றும் நடக்கவில்லை. அவரைப் பொறுத்தவரை இரண்டும் இரண்டு கதை.

அன்றிரவே அவளுக்கு இழுப்புத் தொடங்கிவிட்டது. காலையில் போட்டிக்குப் போக வேண்டாம் என்றேன். இவ்வளவு நாள் பாடமாக்கினது அம்மா என்று அழுதாள். பரமேஸ்வரன் வேலைக்குப் போயிருந்தார்; அழுதால் இழுப்புக் கூடும் என்ற பயத்தில் நானே கூட்டிக்கொண்டு போனேன்.

வாடகைக்கு எடுத்த பள்ளி மண்டபம், குத்துவிளக்கு, முன்னூறு சனம். உள்ளே நல்ல சூடு. மேடையில் நடுக் கதிரையில் உட்கார்ந்தபடி தில்லையம்பலம், கழுத்தில் மாலை. கிரிஜாவின் பெயரைக் கூப்பிட்டார்கள். ஏறிப்போய் வணக்கம் சொல்லி, "பனிக்கரடிக்குக் குளிராது" என்று தொடங்கினாள். மண்டபம் சிரித்து நிமிர்ந்து உட்கார்ந்தது. நரி வந்தது, லெமிங் வந்தது, வில்லோ வந்தது. மயிர்க்கொட்டிக்கு வரும்போது வசனத்துக்கு நடுவில் மூச்செடுக்கத் தொடங்கினாள். நான் அந்த இடத்தில் மூச்செடுக்கச் சொல்லிக் கொடுக்கவில்லை.

"இவ்வுயிர்களைப் போல நாமும்..." என்றாள். நின்றுவிட்டாள்.

தோள் இரண்டும் மேலே ஏறி ஏறி இறங்கின. வாய் திறந்திருந்தது. தில்லையம்பலம் கதிரையிலிருந்து முன்னுக்குச் சாய்ந்து, "குளிரைத் தாங்கி..." என்று எடுத்துக் கொடுத்தார். எங்கள் போட்டிகளில் பிள்ளை மறந்தால் எடுத்துக் கொடுப்பது வழக்கம், அதில் ஒருவருக்கும் குறை தெரியாது. கிரிஜா தலையை ஆட்டினாள். சொல் வரவில்லை. "குளிரைத் தாங்கிப் பழகி..." என்று அவர் இன்னும் உரத்துச் சொன்னார். முன்வரிசைப் பெண்களும் அன்பாகச் சேர்ந்து சொன்னார்கள். பிறகு பின்வரிசை. மண்டபம் முழுவதும் சிரித்த முகத்தோடு, மூச்சு முட்டி நிற்கிற பிள்ளைக்குக் குளிரைத் தாங்கிப் பழகி, குளிரைத் தாங்கிப் பழகி என்று எடுத்துக் கொடுத்தது.

எப்படி மேடைக்கு ஏறினேன் என்று தெரியாது. ஒரு கையால் பிள்ளையைத் தூக்கி, மறுகையால் மைக்கைப் பிடித்தேன்.

"என்ரை பிள்ளை மறக்கேல்லை. அவளுக்கு மூச்சு வரேல்லை. நீங்கள் எல்லாரும் எடுத்துக் குடுக்கிறியளே, அந்த வசனம் அவளின்ரையும் இல்லை, என்ரையும் இல்லை. தலைவர் எழுதினது. அவரின்ரை வீட்டிலைதான் நாங்கள் இருக்கிறம். ஹீற்றிங்கைப் பூட்டி வைச்சிருக்கிறார். வைத்தியரின்ரை கடிதம் அவரின்ரை கோட்டுப் பைக்குள்ளை இருக்கு. திங்கக்கிழமை பனிக்குள்ளாலை நடந்து வந்து திறந்து விட்டவர். பிள்ளைக்கில்லை, பைப்புக்கு. நேற்று வந்து திருப்பிப் பூட்டிப்போட்டார். பைப் வெடிச்சால் வீடு நாசமாம். பிள்ளையள் வெடிக்காதுகள் தானே."

தில்லையம்பலம் மாலையைச் சரிசெய்தார். "தங்கச்சி களைச்சுப் போனா. ஒரு கதிரை குடுங்கோ," என்றார் மெதுவாக. கதிரையோடு ஒருவர் வரவும் செய்தார். அம்புலன்ஸுக்குச் சொல்ல வேண்டும் என்று அந்த முன்னூறு பேரில் ஒருவருக்குத்தான் தோன்றியது. சூசைதாசன் பின்கதவால் வெளியே ஓடுவதை நான் மேடையிலிருந்து பார்த்தேன்.

ஆஸ்பத்திரியில் ஒட்சிசன் முகமூடி போட்டுப் படுக்க வைத்தார்கள். அந்த வார்ட்டில் தாதிமார் அரைக்கைச் சட்டையோடு நடந்து திரிந்தார்கள். அவ்வளவு சூடு. பக்கத்துக் கட்டிலில் கால் முறிந்த ஒரு வெள்ளைக்காரப் பிள்ளைக்கும் அதே சூடு, ஒருவரும் அதற்கு நன்றி சொல்லவில்லை, சொல்ல வேண்டுமென்று ஒருவரும் எதிர்பார்க்கவும் இல்லை. அதைப் பார்த்தும் எனக்குக் கோபம்தான் வந்தது.

ஞாயிறு பின்னேரம் பரமேஸ்வரன் வந்தார். இரண்டு கையிலும் எங்கள் இரண்டு சூட்கேசும்.

"அவர் வீட்டை விட்டு எழும்பச் சொல்லிப்போட்டாரோ?" என்று கேட்டேன்.

"சொல்ல முதலே வீட்டுத் திறப்பைத் திருப்பிக் குடுத்திட்டன். ஈஸ்ட்ஹாமிலை சூசைதாசன்ரை அக்கா வீட்டிலை ஒரு அறை இருக்கு. சின்னன்தான். நான் போய் றேடியேற்றரைத் தொட்டுப் பாத்திட்டுத்தான் ஓமெண்டனான்."

அவர் என் முகத்தைப் பார்க்காமல் இதைச் சொன்னார். நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். அன்றைக்குச் சிரித்த சிரிப்பை அதோடு மன்னித்தேன்.

பிறகு கோட்டுக்குள்ளிருந்து ஒரு கவரை எடுத்தார். விழா முடிந்ததும் யாரோ கொடுத்துவிட்டார்களாம். உள்ளே தங்க நிற ஓரம் வைத்த சான்றிதழ். பேச்சுப் போட்டி, பத்து வயதுக்குக் கீழ்ப்பட்டோர், ஆறுதல் பரிசு. கீழே தலைவரின் கையெழுத்து. பின்னால் நடுவர்களின் புள்ளித்தாள் ஊசியால் குத்தியிருந்தது. உச்சரிப்பு பத்துக்கு ஒன்பது. பொருள் பத்துக்கு ஒன்பது. நினைவாற்றல் பத்துக்கு மூன்று. குறிப்பு: இறுதி வசனத்தை மறந்துவிட்டார்.

அவ்வளவு பேருக்கு முன்னால் மைக்கில் சொன்னேன். அதே மண்டபத்தில் இருந்து கேட்டுவிட்டுத்தான் இதை எழுதியிருக்கிறார்கள். கிழிக்கப் போனேன். அதற்குள் கிரிஜா கையை நீட்டி வாங்கிவிட்டாள். எழுத்துக்கூட்டி முழுவதையும் வாசித்தாள். முகமூடியைக் கீழே இழுத்தாள்.

"நான் மறக்கேல்லை அம்மா."

"எனக்குத் தெரியும் பிள்ளை."

"இல்லை, உண்மையா மறக்கேல்லை. சொல்லிக் காட்டுறன் பாருங்கோ."

தலையணையை விட்டு நிமிர்ந்து உட்கார்ந்தாள். மேடையில் நின்றது போலக் கைகளைப் பக்கத்தில் ஒட்டி வைத்தாள். "இவ்வுயிர்களைப் போல நாமும் குளிரைத் தாங்கிப் பழகி..." நான் சொல்லிக் கொடுத்தபடியே, சரியாக அந்த இடத்தில், கையை விரித்தாள்.

அவள் வாயைப் பொத்தினேன். பதினொரு வருடத்தில் எத்தனையோ பிள்ளைகளுக்குப் படிப்பித்திருக்கிறேன், ஒரு பிள்ளையிடமும் இப்படிக் கேட்டதில்லை.

"அதை மறந்திடு ராசாத்தி. அம்மா பிழையாச் சொல்லித் தந்திட்டன். மறந்திடு."

ஓம் என்று தலையாட்டினாள். ஆனால் என் உள்ளங்கைக்குள் அவள் உதடுகள் அசைந்துகொண்டிருந்தன. மீதி வசனத்தை ஒரு சொல் விடாமல் சொல்லி முடித்தாள்.